மகள் கொண்டுவந்த புட்டி

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எழுபது வயதைக் கடந்த நான், வாழ்நாளில் முதன்முறையாக மதுவை வாயில் வைத்தேன். வைத்தேன் என்று சொல்வதுதான் பொருந்தும்; விழுங்கவில்லை. நல்லெண்ணெயைக் கொப்பளிப்பது போலக் கொப்பளித்து, என் தாயார் வெற்றிலை போட்ட காலத்தில் வைத்திருந்த பித்தளைப் படிக்கத்தில் துப்பிவிட்டேன். நம் சங்கத்து அன்பர்கள் இந்த இடத்திலேயே பத்திரிகையை மூடிவிட வேண்டாம். இது நடந்தது எங்கள் வீட்டு உணவு மேஜையில். என் மனைவியின் முன்னிலையில். எங்கள் ஒரே மகளின் கையால். அந்த மதுவைத் தயாரித்தவளும் அவளே.

மதுவிடம் எனக்கிருந்த அச்சம் நூல்களைப் படித்து வந்ததன்று. நான் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில். சென்னை மாகாணம் முழுவதும் 1948 முதல் நடப்பில் இருந்த மதுவிலக்கை 1971ஆம் ஆண்டில் தளர்த்திக் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடை திறந்தபோது எனக்குப் பதினாறு வயது. என் பெரியப்பா அதுவரை வெற்றிலையைத் தவிர வேறொரு பழக்கமும் அறியாதவர். அவ்வாண்டு ஐப்பசியில் கடைவாசலை மிதித்தார். 1974இல் கடைகளை மூடிவிட்டார்கள். ஆனால் அதற்குள் அவருடைய இரண்டு ஏக்கர் நஞ்சையும், பெரியம்மாவின் கழுத்தில் கிடந்ததும் போய்விட்டன. கடை மூடிய பிறகும் அவர் நிறுத்தினாரில்லை. அவருடைய பிள்ளைகள் எங்கள் வீட்டில் உண்டுதான் படித்தார்கள். மது என்ற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் உரக்க எடுப்பதில்லை.

1983இல் பணியின் பொருட்டு நாசிக் வந்து சேர்ந்தேன். ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல்களைக் கண்டபோது பிறந்த மண்ணுக்கே திரும்பிவிட்டது போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று. எங்கள் பக்கத்துப் பன்னீர் திராட்சை கருநீலம். இங்கே விளைந்தது பெரும்பாலும் விதையில்லாப் பச்சை. இரண்டும் உண்ணும் பழங்கள். பிறகு காலம் மாறியது. 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை மதுத் தொழிலை ஊக்குவிக்கும் கொள்கை ஒன்றை அறிவித்தது. திண்டோரி, நிபாட் பக்கங்களில் ஒயின் ஆலைகள் எழுந்தன. பந்தல்களுக்கு அருகே கம்பி வேலியில் கட்டிய குட்டைக் கொடிகள் வரிசை வரிசையாகத் தோன்றின. அவற்றின் பழம் சிறியது, தோல் தடித்தது, விதை நிறைந்தது. கடைத்தெருவில் யாரும் வாங்கமாட்டார்கள். இவையெல்லாம் நமக்கு என்ன என்று பேருந்தின் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு போனவன் நான். நுண்ணுயிரியல் படித்த என் மகள் அந்த ஆலைகளில் ஒன்றில் வேலைக்குச் சேர்வாள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நகைத்திருப்பேன்.

சேர்ந்தாள். நான் தடுக்கவில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. உறவினர் கேட்டால் 'உணவுப் பொருள் கம்பெனி' என்பேன். ஓர் அறுவடைக் காலம் பயிற்சிக்காகப் பிரான்சு நாட்டிற்குப் போனாள். அதை 'மேற்படிப்பு' என்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு பெரியவர், "பெண் என்ன செய்கிறாள்?" என்று விசாரித்தபோது, அவள் என் பக்கத்தில் நிற்பதை மறந்து அதே விடையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில், "அப்பா, ஊறுகாய் போடுகிறேன் என்று நினைத்திருப்பார்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதன்பின் சங்க விழா எதற்கும் அவள் எங்களோடு வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஆலையில் வேலை இருந்தது.

இந்நிலையில்தான் சென்ற சித்திரையில் இரண்டு புட்டிகளோடு வந்து நின்றாள். முகப்புச் சீட்டு ஒட்டாத புட்டிகள். அவளே முதன்முதலாகக் கலவை செய்த சிவப்பு ஒயின். பதினான்கு மாதம் பீப்பாயில் இருந்து, அப்போதுதான் புட்டியில் அடைக்கப்பட்டது. "அம்மா பார்க்க வேண்டும் என்றாள்" என்று சொன்னாள். என்னை அழைக்கவில்லை. நானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அமர்ந்ததும் என் மனத்தில் ஐம்பது ஆண்டுகளாகக் கிடந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்: "ஏனம்மா, இதுவும் பெரியப்பா குடித்ததும் ஒன்றுதானே?"

தொழிலுக்கு வக்காலத்து வாங்குவாள் என்று எதிர்பார்த்தேன். "இரண்டிலும் இருக்கும் ஆல்கஹால் ஒன்றேதான், அப்பா. சாராயம் காய்ச்சி வடித்தது, அதில் மிகுதி. இதில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு. இதை அளவின்றிக் குடித்தாலும் வீடு போகும்" என்றாள். பிறகு, "சுவை பார்ப்பதற்கு விழுங்க வேண்டியதே இல்லை. ஆலையில் காலை நேரத்தில் முப்பது நாற்பது மாதிரிகளை வாயில் வைத்துத் துப்புகிறோம். விழுங்கினால் வேலை எப்படி நடக்கும்?" என்று கேட்டாள். என் மனைவி எழுந்து போய்ப் படிக்கத்தைத் தேடி எடுத்து வந்தாள்.

முதலில் புட்டியைக் குளிர்ப் பெட்டியில் அரைமணி நேரத்திற்குச் சற்று அதிகமாக வைத்தாள். சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் பருக வேண்டும் என்பது ஐரோப்பியர் வழக்கு. ஆனால் அந்த அறை அவர்களுடைய பழங்காலத்துக் கல்வீட்டு அறை, 16 முதல் 18 பாகை வரை இருப்பது. நாசிக்கின் சித்திரை வெயிலில் நம் கூடம் 35 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆல்கஹாலின் நெடியொன்றே மூக்கில் ஏறும். அளவு மீறிக் குளிர வைத்தாலோ மணம் ஒடுங்கித் துவர்ப்பு முன்னே நிற்கும்.

மாலை நான்கு மணிக்குத் தக்கையை எடுத்தாள். வயிறு பருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றினாள். வெள்ளைத் துணியின்மேல் கிண்ணத்தைச் சாய்த்து விளிம்பைப் பார்க்கச் சொன்னாள். நடுவில் கறுப்பாகவும் விளிம்பில் கத்தரிப்பூ நிறமாகவும் இருந்தது. அந்த ஊதா இளமைக்கு அடையாளமாம். ஆண்டுகள் செல்லச் செல்ல விளிம்பு செங்கல் நிறத்திற்கு இறங்கும். பிறகு கிண்ணத்தைச் சுழற்றாமல் ஒருமுறையும், சுழற்றி ஒருமுறையும் முகரச் சொன்னாள்.

மணம் என்று எண்ணி முகர்ந்த எனக்குத் தீக்குச்சி உரசியதுபோல் ஒரு நெடி முதலில் எழுந்தது. அதன் பின்னால் வெந்த முட்டைக்கோஸ். அப்படியே சொன்னேன். பெற்ற மகளின் முதல் படைப்பை இவ்வாறு சொல்லலாமா என்று என் மனைவி கண்ணால் அதட்டினாள். மகளோ தலையை அசைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். வாயில் ஒரு மடக்கு வைத்து, இதழ் குவித்துச் சிறிது காற்றை உள்ளே இழுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி செய்து துப்பினேன். கன்னத்தின் உட்புறமும் ஈறும் உலர்ந்து ஒட்டிக்கொண்டன. பாக்கை மென்ற வாய்போல, முற்றாத நாவற்பழத்தைக் கடித்த வாய்போல ஆயிற்று.

"துவர்க்கிறது" என்றேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இந்தச் சொல்லுக்காகத்தான் அப்பா, பிரான்சில் என்னோடு பயின்ற பிள்ளைகளெல்லாம் தடுமாறினார்கள்" என்றாள். அவர்களுக்கு அடிப்படைச் சுவைகளின் வரிசையில் துவர்ப்பு இல்லை. இது சுவையன்று, தொடு உணர்ச்சி என்பது அவர்களுடைய அறிவியலின் துணிபு. சொரசொரப்பு, இறுக்கம், உலர்ச்சி என்று துணியைத் தடவிப் பார்ப்பவர்போலப் பல சொற்களால் அதனை விளக்குகின்றனர். நாமோ இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கைப்பு, உவர்ப்பு என்று எண்ணி ஆறாவதாகத் துவர்ப்பை வைத்து, அதற்கென்று பாக்கையும் கடுக்காயையும் வாழைப்பூவையும் எடுத்துக்காட்டாகக் கையில் வைத்திருக்கிறோம். அறிவியல் அவர்கள் பக்கமே இருக்கட்டும். கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்ளாத நாக்கு நம்முடையது. இந்தச் சிறு பெருமையை எனக்கு யாரும் மறுக்க வேண்டாம்.

துவர்ப்புக்குக் காரணமான பொருள் டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் உள்ளது. ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் சிறிது இறங்கும். தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் வாயைப் பிடிக்கிறதே, அதுவும் இந்த இனமே. உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு டானின் பிணைந்து அதன் வழுவழுப்பைப் பறித்துவிடுகிறது. ஆகவேதான் வாய் உலர்கிறது. தேநீரில் பால் சேர்த்ததும் துவர்ப்பு அடங்குவது, பாலின் புரதத்தோடு டானின் முதலில் பிணைந்துவிடுவதால். ஒயினோடு பாலாடைக்கட்டி உண்ணும் வழக்கத்தில் இதற்கும் பங்கு உண்டு என்றாள்.

"இத்தனை துவர்ப்பு வேண்டுமென்றே வைத்ததா, தவறி வந்ததா?" என்று கேட்டேன். கணக்கெழுதிப் பழகியவனுக்கு இது தெரிந்தாக வேண்டும். வேண்டுமென்றே வைத்ததுதான் என்று சொல்லி, அவள் பயிற்சி பெற்ற போர்தோ நகரத்தைப் பற்றி விரிவாகக் கூறினாள்.

பிரான்சின் தென்மேற்கில் கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் கூடி, ழிரோந்து என்ற அகன்ற கழிமுகமாகிக் கடலை அடைகின்றன. அதன் இடக்கரையில் கூழாங்கல் நிலம். அங்கே காபர்னே சோவிஞ்ஞோன் என்ற கொடிக்கு முதலிடம். வலக்கரையில் களிமண் மிகுதி. அங்கே மெர்லோ ஆட்சி செலுத்துகிறது. முன்னது தோல் தடித்தது, பிந்திப் பழுப்பது, துவர்ப்பும் புளிப்பும் மிக்கது. பின்னது முந்திப் பழுப்பது, சதைப்பற்றும் மென்மையும் உடையது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புமாறு இரண்டையும் கலந்து, காபர்னே பிராங், பெத்தி வெர்தோ முதலியவற்றில் சிறு பங்கு சேர்ப்பது அவ்வூர் முறை. மழையும் பனியும் எந்தக் கொடியை எந்த ஆண்டில் கெடுக்கும் என்று சொல்ல முடியாத நாட்டில் பல பயிர் வைக்கும் உழவனின் முன்னெச்சரிக்கையும் இதில் அடங்கியிருக்கிறது. காபர்னே சோவிஞ்ஞோனின் பெற்றோர் யார் என்பது நெடுங்காலம் தெரியாமலிருந்து, 1997இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்து, காபர்னே பிராங்கும் சோவிஞ்ஞோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையும் என்று கண்டார்களாம். கரிய பிள்ளைக்கு வெள்ளைப் பெற்றோர் ஒருவர்!

அவ்வூரின் சிறந்த ஒயின்கள் பத்தாண்டும் இருபதாண்டும் நிலவறையில் கிடந்து பக்குவமடைவதற்கென்றே செய்யப்படுபவை. டானின் அந்த நீண்ட வாழ்வுக்கு வைத்த முதல். பாட்டன் வாங்கிப் பேரன் திறந்த காலம் ஒன்று இருந்தது. இன்று வாங்குகிறவர் அன்று மாலையே திறந்துவிடுகிறார். இந்த முரண்பாட்டை ஒரு மணி நேரத்தில் தீர்ப்பதற்குத்தான் காற்றூட்டுவது.

நாசிக் நிலைமை சற்று வேறு. இங்கே கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. ஏப்ரலில் ஒருமுறையும், மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் ஒருமுறையும் கவாத்து செய்து கொடியை ஏமாற்ற வேண்டும். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்துக் குளிரை நோக்கிப் பழம் முதிர்கிறது. இங்கே சனவரியிலிருந்து மார்ச்சு வரை, ஏறிவரும் வெயிலை நோக்கி முதிர்கிறது. சர்க்கரை விரைந்து சேர்ந்துவிடும். விதையும் தோலும் அவ்வளவு விரைவில் பழுக்கா. சர்க்கரையைப் பார்த்துப் பறித்தால் பச்சைத் துவர்ப்பு. விதையைப் பார்த்துப் பறித்தால் புளிப்பு இறங்கிவிடும். அந்தப் பத்து நாளில் எந்த நாளில் பறிப்பது என்பதற்காக என் மகள் சென்ற ஆண்டுக்கு முந்தைய மாசியில் உறங்காமல் இருந்திருக்கிறாள். நான் அப்போது, 'ஆண்டுக் கணக்கு முடிக்கிற வேலை போலும்' என்று எண்ணியிருந்தேன்.

காற்றூட்டுவதற்கு அவள் ஆலையிலிருந்து அகன்ற வயிறுடைய கண்ணாடிக் கூஜா ஒன்றை எடுத்துவர மறந்துவிட்டாள். "எதற்கு அது?" என்று என் மனைவி கேட்டாள். "ஒயின் அகலமாகப் பரவிக் காற்றுப் பட வேண்டும், அம்மா." "அவ்வளவுதானே, ஆற்ற வேண்டும். அதற்கா கூஜா?" என்று சொல்லி, உள்ளே போய்க் காப்பி டவராவையும் டம்ளரையும் கொண்டுவந்து வைத்தாள். கும்பகோணத்துப் பித்தளை. மகள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பித்தளையில் ஈயம் தேய்ந்திருந்தால் புளிக்குழம்பு வைத்தவுடன் களிம்பு ஏறுகிறதல்லவா? ஒயினும் புளிப்புள்ள பொருளே. உலோக வாடை பற்றிவிடும். எவர்சில்வர் டவரா வந்தது. மகள் புட்டியில் இருந்ததைச் சிறிது சிறிதாக ஊற்றித் தர, என் மனைவி முழங்கை உயரத்திற்குத் தூக்கித் தூக்கி ஆற்றினாள். ஊதா நிற நுரை எழும்பிற்று. ஆற்றியதை வாயகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்த்து வைத்தோம். நாற்பது ஆண்டுகளாக எனக்குக் காப்பி ஆற்றிய கை, இப்படி ஒரு பொருளை ஆற்றும் என்று எண்ணியதில்லை. அவள் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. காரியம் சரியாக நடக்கிறதா என்ற கவனமே இருந்தது.

மகள் அப்போது ஒன்று சொன்னாள். ஆங்கிலேயர் ஒயினை வேறு பாத்திரத்திற்கு மாற்றும் எல்லாச் செயலுக்கும் ஒரே சொல்லை ஆள்கின்றனர். பிரெஞ்சுக்காரர் இரண்டு சொற்கள் வைத்திருக்கின்றனர். முதிர்ந்த ஒயினில் அடியில் படிந்த வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் மெல்ல மாற்றுவது ஒன்று. இளம் ஒயினைக் காற்றுப் படுமாறு வேகமாக ஊற்றுவது மற்றொன்று. இரண்டையும் ஒன்றென எண்ணி, ஐம்பது ஆண்டுப் பழைய ஒயினை முரட்டுத்தனமாக ஊற்றிக் கெடுப்பவர் உண்டாம். நமக்கு இந்தக் குழப்பமே வராது. முன்னது இறுத்தல், பின்னது ஆற்றுதல். புளியைக் கரைத்துத் தெளிவை இறுப்பவள் யாரும் டம்ளரைத் தூக்கி ஆற்றமாட்டாள். மகள் தன் குறிப்பேட்டில் அந்த இரண்டு சொற்களையும் தமிழிலேயே எழுதிக்கொண்டதைக் கண்டேன்.

காற்று என்ன செய்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பிராணவாயுவே ஒயினைப் பக்குவப்படுத்துகிறது என்று 1866இல் வெளிவந்த நூலில் பாஸ்டர் சோதனைகளோடு எடுத்துக்காட்டினார். போர்தோவின் நிலவறைகளில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரு பீப்பாயிலிருந்து மற்றொரு பீப்பாய்க்கு ஒயினை மாற்றுவது பழைய வழக்கம். வண்டல் நீங்குவதோடு அளவான காற்றும் சேர்கிறது. 225 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாயின் மரத்தின் வழியாகவும் காற்றுச் சிறிது சிறிதாக நுழைகிறது. 1990களின் தொடக்கத்தில் மதிரான் என்ற ஊரில், மிகக் கடுமையாகத் துவர்க்கும் தன்னா என்ற திராட்சைக்காக, தொட்டியின் அடியிலிருந்தே நுண்ணிய குமிழிகளாகப் பிராணவாயுவைச் செலுத்தும் முறையையும் கண்டுபிடித்தார்கள். இவையெல்லாம் மாதக்கணக்கில் நடப்பவை. மேஜையின்மேல் ஒரு மணி நேரம் ஆற்றுவது வேறு. போர்தோவின் புகழ்பெற்ற ஒயின் அறிஞர் எமில் பெய்னோ, 2004இல் காலமானவர், வண்டல் இருந்தாலொழிய ஒயினை மாற்ற வேண்டியதில்லை, நெடுநேரம் காற்றில் வைத்தால் மணம் சிதறும் என்ற கொள்கை உடையவர்.

"அப்படியானால் நீ ஏன் ஆற்றச் சொன்னாய்?" என்றேன். அவள் மறைக்காமல் விளக்கினாள். டானின் ஒரு மணி நேரத்தில் பெரிதாக மாறிவிடாது. ஆனால் பீப்பாயிலும் புட்டியிலும் காற்றில்லாமல் அடைபட்ட ஒயினில் சில கந்தகச் சேர்மங்கள் தங்கிவிடுகின்றன. எனக்குத் தீக்குச்சியும் முட்டைக்கோசுமாகத் தெரிந்தவை அவையே. அவற்றில் சில காற்றில் பறந்துவிடும். அந்த மூடி விலகினால் பழத்தின் மணம் மேலே வரும். பழ மணம் மூக்கில் நிறைந்தால் நாக்கு அதே துவர்ப்பைக் குறைவாக உணரும். "பாதி மாற்றம் கிண்ணத்தில், பாதி நம்மிடத்தில்" என்றாள்.

ஐந்தேகால் மணிக்கு மறுபடி முகர்ந்தேன். தீக்குச்சி போயிருந்தது. நாவற்பழம், அதன் பின்னே குடைமிளகாயின் பச்சை வாசனை சிறிது, கிராம்பு. பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவிய நினைவு ஏனோ வந்தது. பென்சில் என்றதும் மகள் கைகொட்டினாள். காபர்னேயை வருணிக்க மேல்நாட்டார் வழக்கமாகச் சொல்வது அதுவே என்றாள். குடைமிளகாய் என்றதற்கு முகம் சற்றுச் சுருங்கிற்று. பழம் முழுமையாகப் பழுக்காத கொத்துகள் சில சேர்ந்துவிட்டதன் அறிகுறியாம். "தெற்குப் பக்கத்து வரிசையை இன்னும் நான்கு நாள் விட்டிருக்க வேண்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாயில் துவர்ப்பு இருந்தது. ஆனால் இப்போது பிடித்து இழுக்காமல், வெற்றிலையோடு சேர்ந்த பாக்கைப்போல் மற்றதோடு இசைந்து நின்றது. ஆறேகால் மணிக்குப் பார்த்தபோது இன்னும் சற்று மென்மை. என் மனைவி ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, "காப்பியே தேவலை" என்று தீர்ப்பளித்தாள்.

மகிழ்ந்திருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஓர் ஐயம் பிறந்தது. மகள் செய்தது, மனைவி ஆற்றியது. பாசம்தான் நாக்கை ஏமாற்றுகிறதோ? சொன்னேன். மகளுக்கு அந்த ஐயம் மிகவும் பிடித்துவிட்டது. இதற்கென்றே சுவைச் சோதனைக்கூடங்களில் ஒரு முறை உண்டாம். மூன்று கிண்ணங்கள்; இரண்டில் ஒரே பொருள், மூன்றாவதில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். ஊகத்தால் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், பல முறை செய்தாலன்றி நம்புவதற்கில்லை. அவள் இரண்டாவது புட்டியைத் திறந்தாள். என் மனைவி அடுக்களைக்குள் சென்று ஆற்றியதையும் ஆற்றாததையும் ஊற்றி, கிண்ணங்களின் அடியில் குங்குமத்தால் அடையாளம் வைத்துக் கொண்டுவந்தாள்.

முதல் முறை சரியாகச் சொன்னேன். இரண்டாம் முறை தவறிவிட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது என் வாய் முழுவதும் துவர்த்துப் போய் எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. மகள் குறிப்பேட்டில் 'அப்பா: 3இல் 1. நிரூபணம் இல்லை' என்று எழுதி, தேதியும் இட்டாள். மூக்கு ஒன்று சொல்ல எண்ணிக்கை வேறொன்று சொன்னால், எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும் என்பது என் தொழிலிலும் விதி. அந்த வரியைப் பார்த்தபோது, இந்தப் பெண் என் மகள்தான் என்று எனக்கு அன்று போல் என்றும் தோன்றியதில்லை.

மறுநாள் மாலை, புட்டியில் மீந்திருந்ததை மறுபடி முகர்ந்து பார்த்தேன். நாவற்பழம் மங்கிவிட்டது, புளிப்பு முன்னே வந்திருந்தது. அளவு கடந்தால் காற்று கெடுக்கவும் செய்யும். மீதியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாமா என்று என் மனைவி கேட்டாள். வேண்டாம் என்று கழுநீர்த் தொட்டியில் கொட்டினோம். டவராவின் விளிம்பில் ஏறிய ஊதாக் கறை புளிபோட்டுத் தேய்த்த பிறகே போயிற்று.

இதனால் நான் மது அருந்துவோர் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். பெரியப்பாவின் பிள்ளைகளுள் மூத்தவர் இன்னும் கம்பத்தில் இருக்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, மகள் என்ன செய்கிறாள் என்று வழக்கம்போல் கேட்டார். சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "நல்ல சம்பளமா?" என்று கேட்டார். "நல்ல வேலை" என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு அது எளிதாக இராது என்பதை நான் அறிவேன்.

நம் சங்கத்தின் குடும்பக் கையேட்டைப் புதுப்பிக்கும் வேலை நடப்பதாகச் சென்ற இதழில் அறிவிப்பு வந்தது. அதில் என் குடும்பத்தைப் பற்றிய பதிவில், மகளின் தொழில் என்ற இடத்தில் 'உணவுப் பொருள் நிறுவனம்' என்றிருக்கிறது. அது நானே எழுதிக் கொடுத்தது. செயலாளர் அவர்களுடைய பிழையன்று. அதை நீக்கி 'ஒயின் தயாரிப்பாளர்' என்று அச்சிடுமாறு எழுதி மகளிடம் காட்டினேன். அவள் படித்துப் பார்த்து, பேனாவை வாங்கி, முன்னால் 'துணை' என்ற சொல்லைச் சேர்த்தாள். அவ்வாறே அச்சிட வேண்டுகிறேன்.